தூங்குமூஞ்சிக்கு ஒரு ஸலாம்

இரண்டு கையிலும் வாளியோடு இஸ்தியானா முற்றத்தைக் கடந்தபோது, மேற்கு வரிசை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உஸ்தாஸா, இன்னைக்கு என்ன தப்பு பண்ணீங்க?"

"உங்களுக்கெல்லாம் பாடம் எடுக்க வந்தேனே, அதான்," என்றாள்.

சிரிப்பு பலமாயிற்று. அவளுக்குக் கூடச் சிரிக்கத் தெம்பில்லை. வாளியின் கம்பிப் பிடி விரல் மடிப்பில் பதிந்து போயிருந்தது. இடுப்புக்குக் கீழே எங்கோ ஒரு நரம்பு காலையிலிருந்து தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

தங்கிப் படிக்கும் அந்த மார்க்கப் பள்ளியில், அந்தப் பெசந்த்ரெனில், வாளி தூக்குவது தண்டனை. விடிகாலைச் சுபுஹுத் தொழுகைக்குப் பிந்தி வந்தவள், பாடத்தில் தூங்கி விழுந்தவள், தலையணை உறைக்குள் கைபேசியை ஒளித்து வைத்தவள், எல்லாரும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுத் தொட்டியிலிருந்து வழிந்தோடும் தண்ணீரை மொண்டு போய் மரங்களுக்கு ஊற்ற வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ, பள்ளியின் தலைவரான பெரிய கியாயின் காலத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆகவே ஒருத்தி வாளியோடு நடந்தால் அவள் ஏதோ செய்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு தப்பும் செய்யாதவள் வாளியைத் தொட்டால் அவள் மானம் என்னாவது? அதனால் எவளும் தொடமாட்டாள்.

இஸ்தியானா பெண்கள் விடுதிக்குப் பொறுப்பு. சிரங்குக்கு மருந்து தடவுவது, வீட்டு நினைப்பில் அழுகிறவளைத் தேற்றுவது, சாக்கடை அடைத்தால் ஆளைக் கூப்பிடுவது, ஆள் வராவிட்டால் தானே கம்பு விட்டுக் குத்துவது, எல்லாம் அவள் தலையில். கணவன் இறந்த பிறகு இங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டாள். ஜாவாக் கடலோரத்துச் சுண்ணாம்புப் பாறை ஊர் அது. வெயில் தரையில் பட்டு மறுபடி முகத்தில் அடிக்கும். மேற்கு வரிசை அறைகளுக்குத் தகரக் கூரை. மதியம் அந்த அறைக்குள் அரைமணி கண்ணயர முடியாமல் பெண்கள் சுவரில் சாய்ந்து வியர்த்துக் கிடப்பார்கள். மாலையில் இலக்கணப் பாடத்தில் வரிசையாகத் தலை சாயும். சாய்ந்த தலைகளுக்கு வாளி.

பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் அவள் அந்தக் கூரைக்கு மேற்கே ஒரு தூங்குமூஞ்சி மரக்கன்றை நட்டாள். பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, சமையற்கட்டுக் குப்பையை மக்கவைத்துக் கொட்டி வளர்த்தாள். அவள் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்தது. இப்போது மதிய வெயிலில் கூரையின் பாதிக்கு மேல் அதன் நிழல். பெண்கள் மதியம் தூங்கினார்கள். தூங்கி எழுந்தவர்கள் மாலைப் பாடத்தில் விழித்திருந்தார்கள், சுபுஹுக்கும் எழுந்து வந்தார்கள். வேர்க்குரு குறைந்தது, சண்டையும் குறைந்தது.

அங்கேதான் சனியன் பிடித்தது. எல்லாரும் ஒழுங்காக இருந்தால் தண்டனை யாருக்கு? தண்டனை இல்லாவிட்டால் வாளியை யார் தூக்குவது? நிழல் கொடுத்த புண்ணியத்துக்கு மரம் தாகத்தில் நின்றது. அந்த வருடம் மழை வேறு ஏமாற்றிவிட்டது. இலை பழுத்து உதிரத் தொடங்கியதும் இஸ்தியானாவே வாளியை எடுத்தாள்.

சிரிக்கிற பெண்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் உண்மையிலேயே ஒரு தப்பு செய்திருந்தாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய நாட்களில் ஒரு காலை அது. பெரிய கியாய் மஸ்ருஹானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அதோடு இந்தோனேசிய மொழி அவரை விட்டுப் போய்விட்டது. பிறந்த வீட்டு ஜாவா மொழி மட்டும் மிச்சம், அதுவும் வாய்க்குள் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு பேசுவது போல. நாள் பூரா பின்ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் இருப்பார். அந்த ஜன்னல் பெண்கள் முற்றத்தைப் பார்த்தது. இஸ்தியானா விடுதிக் கணக்கு வழக்குகளைச் சொல்லப் போயிருந்தாள். மருமகள் நிங் ஃபைருஸா பக்கத்தில் இருந்தாள். சுமத்ராவின் பலெம்பாங்காரி, படித்தவள், நல்ல மனசு. பெசந்த்ரென் முழுவதையும் பச்சையாக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு. ஜாவா மொழி மட்டும் கொஞ்சம் தகராறு.

கியாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நல்ல கையை நீட்டி மரத்தைக் காட்டினார்.

"தெகோரென்."

இன்னொரு தரமும் சொன்னார். ஜாவா மொழியில் தெகோர் என்றால் வெட்டிச் சாய்ப்பது. வெட்டிப்போடு என்கிறார். இந்தோனேசிய மொழியில் தெகுர் என்று ஒரு சொல் உண்டு. எதிரே வருகிறவரைப் பார்த்து முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசுவது, ஸலாம் சொல்வது, அது தெகுர்.

நிங் ஃபைருஸாவின் கண் பளபளத்துவிட்டது.

"கேட்டீங்களா உஸ்தாஸா! மரத்துக்கு ஸலாம் சொல்லுங்கன்னு சொல்றாங்க அபா! நான் எத்தனை கூட்டத்துல மணிக்கணக்கா பேசியிருப்பேன், இப்படி ஒத்த வார்த்தையில சொல்ல எனக்கு வரலையே!"

இஸ்தியானா வாய் திறந்தாள். இல்லை நிங், அபா சொன்னது வேற, என்பது நாக்கு நுனி வரை வந்தது. முதலில் வெறும் அலுப்புத்தான் தடுத்தது. நிங்கின் தவறை அவள் முகத்துக்கு நேரே திருத்த வேண்டும், அவள் வெட்கப்படுவாள், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இரவெல்லாம் காய்ச்சல்காரப் பெண் ஒருத்தியோடு விழித்திருந்தவளுக்கு அவ்வளவு தூரம் நடக்கத் திராணியில்லை. அப்புறம் அந்தத் தகரக் கூரை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலையே ஒலிபெருக்கியில் நிங் அறிவித்துவிட்டாள். கியாய் வாயிலிருந்து விழுந்த வார்த்தைக்கு ஏன், எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மறுநாள் முதல் பெண்கள் ஒளுவுக்குப் போகும்போதும் வரும்போதும் மரத்தைப் பார்த்து அஸ்ஸலாமு அலைக்கும் என்றார்கள். முதலில் கிண்டலாகச் சொன்னவர்கள்கூடப் பிறகு பழகிவிட்டார்கள். மரத்துக்கு ஸலாம் சொல்லலாமா கூடாதா என்று ஆண்கள் பகுதியில் ஒரு நாள் முழுக்க மார்க்கக் கிதாபு புரட்டி வாதாடினார்கள். சொல்லலாம், ஆனால் பதில் சொல்வது மரத்துக்குக் கடமையில்லை என்று கடைசியில் முடிவாயிற்று. மரத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சிலர் ஸலாமோடு நிற்கவில்லை. பங்கா தீவிலிருந்து வந்த ரிஸ்கியா என்ற பெண், சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், ஒரு மதியம் மரத்தடியில் குந்திக்கொண்டு, "இந்த வாரமும் அம்மா பேசல. தம்பிக்கு ஒடம்பு சரியில்லையாம். எனக்கு யாரும் சொல்லல, நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்ததை இஸ்தியானா கேட்டாள். காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் விலகிப் போனாள். தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் வலித்தது. எப்போது சொல்வாள்? தான் எப்போது பார்த்தாலும் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அல்லவா.

ஸலாம் சொல்ல அத்தனை பேர் இருந்தார்கள். வாளி தூக்க ஒருத்தியும் இல்லை. இஸ்தியானா முன்னைவிட அதிகமாகவே தூக்கினாள். கியாய் பேச்சை மறைத்தவளுக்குக் குவாலத் வரும், பெரியவர்கள் வாக்கைத் தட்டினால் வந்து விழும் கேடு, அது எந்தப் பக்கம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அதற்குள் நாமே நமக்கொரு தண்டனை போட்டுக்கொண்டால் கொஞ்சம் குறையலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை இருந்தது, மதியமும் சேர்ந்துகொண்டது.

கிணற்றுப் பம்பு எரிந்து போன அன்றுதான் அவள் கணக்கு சரிந்தது.

சமையற்கட்டில் சமையற்காரி போக் சர்பி வள்ளைக்கீரையைக் கழுவத் தண்ணீரில்லாமல் கூடையோடு உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

"பம்பு சும்மா எரியுமா? எவளோ அபா பேச்சத் தட்டியிருக்கா. சொல்லி வை உன் பிள்ளைங்ககிட்ட. எவளா இருந்தாலும் போய்க் கால்ல விழுந்துடச் சொல்லு. எனக்குக் கீரை கழுவணும்."

"பழைய பம்பு, போக்."

"பழசுதான். நானும்தான் பழசு. நான் எரிஞ்சா போயிட்டேன்?"

வெளியே வந்தால் நிங் ஃபைருஸா ஏணி போட்டு மரத்தடியில் ஒரு பலகையை நிறுத்திக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்தில் பளிச்சென்று: 'மரத்துக்கு ஸலாம் சொல்லுங்கள் - அபா.' நாளைக்குக் கன்றுகள் வாங்க நகரத்துக்குப் போவதாகவும், தெற்கு வரிசைக்கும் மரம் வைக்கப் போவதாகவும் சொன்னாள். "எல்லாம் அபா வாக்கு தந்த தைரியம் உஸ்தாஸா!"

இஸ்தியானா பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாய்மொழியாக இருந்தவரை பொய் சிறியதாக இருந்தது. இப்போது அதற்குக் கால் முளைத்து, சிமென்ட் பூசி, முற்றத்தில் நிற்கிறது. இனித் தாங்காது. சொல்லிவிட வேண்டியதுதான், மரம் போனால் போகிறது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அந்தத் தகரத்தின் சூடு முகத்தில் அடித்தது போலிருந்தது.

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கியாய் வீட்டுக்குப் போனாள். நிங் நகரத்தில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. வராந்தாவின் கோடியில் போக் சர்பி ஸலவாத்தை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியிலிருந்து வழக்கப்படி முழங்காலாலேயே நகர்ந்து போய் நாற்காலிக்கு எட்ட அமர்ந்தாள் இஸ்தியானா. அந்தக் கொஞ்ச தூரத்துக்கே இடுப்பு பிராணனை வாங்கிற்று.

"அபா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ம்."

"மரத்த வெட்டச் சொன்னீங்க. நிங் வேற மாதிரி கேட்டுட்டாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன். எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

கியாய் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாக நாக்கால் தள்ளித் தள்ளிப் பேசினார்.

"நாக்குதான் போச்சு. காது போகல. ஒலிபெருக்கி எனக்கும் கேட்டுச்சு."

அவள் தலை நிமிர்ந்தாள். "அப்ப ஏன் அபா ஒண்ணும் சொல்லல?"

"மருமவ. அவ்வளவு சந்தோஷமா சொல்றா. இல்லம்மான்னு சொல்லணும்னா நாலு வார்த்தை வேணும். என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு."

வராந்தாவில் ஸலவாத்து நின்று, முறம் தட்டப்பட்டு, மறுபடி தொடங்கியது.

"நாளைக்கே ஆள் கூப்பிடறேன் அபா. வெட்டிடலாம்." சொல்லும்போது குரல் உடைந்தது. மறைக்க இருமினாள்.

"எதுக்கு வெட்டச் சொன்னேன்னு கேக்க மாட்டியா?"

அவளுக்குத் திகைப்பாக இருந்தது. கியாயிடம் எதற்கு என்று கேட்டவர்கள் அந்த வளாகத்தில் கிடையாது. கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

"எதுக்கு அபா?"

அவர் நல்ல கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். அங்கிருந்து தொட்டி தெரிந்தது, மரம் தெரிந்தது, நடுவே அவள் நடந்து நடந்து வெளுத்த தடமும் தெரிந்தது.

"நாள் பூரா இங்கதான் கெடக்கேன். வாளி போகுது. வாளி வருது. யாருன்னு பாத்தா நீ. காலைல பாத்தா நீ. சாயங்காலம் பாத்தா நீ. ஒரு நாள் கீழ வச்சிட்டு இடுப்பப் புடிச்சிக்கிட்டு நின்ன, ரொம்ப நேரம். ஒருத்தரும் வரல." மூச்சு வாங்கினார். "மரம் போனா வாளியும் போகும்னு நெனச்சேன், மவளே."

அந்த ஜன்னலைத் தாண்டி இஸ்தியானா எத்தனை முறை போயிருப்பாள். உள்ளே ஒரு கிழவர் நோயில் கிடக்கிறார் என்றுதான் தெரியும், தன்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று தெரியாது. கணவன் போன பிறகு, அவள் களைத்திருக்கிறாளா என்று யாரும் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். துக்கமா, வெட்கமா, கொஞ்சம் சந்தோஷமா, எல்லாம் ஒன்றாக வந்தது.

கியாய் அழட்டும் என்று விட்டார். பிறகு கோபமாகச் சொன்னார்:

"வெட்டச் சொன்ன பிறகு நடை கூடுது! கொறையல!"

"குவாலத் வந்துடுமோன்னு பயம் அபா. தண்டனைய நானே போட்டுக்கிட்டேன். பம்பு எரிஞ்சதுகூட என்னாலதான்..."

"பம்பு எங்கப்பா காலத்துது," என்றார் கியாய். "அது எரியாம இருந்தாத்தான் அதிசயம்."

அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

"நிழல் விழுதா பிள்ளைங்களுக்கு?"

"விழுது அபா. மத்தியானம் தூங்குதுங்க. பாடத்துல முழிச்சிருக்குதுங்க."

"அப்ப நிக்கட்டும். நீ வாளியத் தொடக்கூடாது. இது என் வாக்கு. இதையும் யாராவது வேற மாதிரி கேட்டாங்கன்னு வந்து சொல்லாத."

"தப்பு பண்றவ ஒருத்தியும் இல்ல அபா. வேற யாரு தூக்குவா?"

"இது என் மரம்னு சொல்லு. தூக்குவாங்க."

"உங்க மரம்னு சொன்னா ஒரு இலை மிஞ்சாது. பரக்கத்துன்னு பறிச்சுக் கிதாபுக்குள்ள வச்சுக்குவாங்க."

கியாயின் முகத்தில் பாதி சிரித்தது. மறுபாதியால் முடியவில்லை. "இலையத் தொட்டவளுக்கு வாளி," என்றார். சற்றுப் பொறுத்து, "நிங்குக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவ சொன்னதும் நல்ல வார்த்தைதான்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு பேசியது அவருக்கு ஒரு மாதப் பேச்சு.

கன்றுகளோடு புதுப் பம்பும் வாங்கி வந்த நிங்கிடம் இஸ்தியானா அவ்வளவே சொன்னாள்: அபா அதைத் தன் மரம் என்கிறார், தண்ணீர் ஊற்றுவது இனி அவருக்குச் செய்யும் பணிவிடை. மறுநாள் காலை, முதல் வாளியை நிங்கே தூக்கினாள். பாதியை வழியில் தன் பாவாடையிலேயே கொட்டிக்கொண்டாள். அடுத்த வாளிக்குத் தள்ளுமுள்ளு. நேற்று வரை வாளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், நீ முன்னாடியே தூக்கிட்ட, தள்ளுடி, என்று பிடியைப் பிடித்து இழுத்தார்கள். சண்டை போட்ட இருவருக்குத் தண்டனை கொடுக்க வேண்டியதாயிற்று. என்ன தண்டனை கொடுப்பதென்று இஸ்தியானா வெகுநேரம் யோசித்து, வாளியைத் தொடக்கூடாது என்றாள். இருவரும் அழுதார்கள்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. கை இரண்டும் சும்மா தொங்கின. தொட்டிப் பக்கம் தானாகப் போன காலைத் திருப்பிக்கொண்டு வந்து, மரத்தின் தூரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மண் ஈரமாக இருந்தது. ஜன்னலில் கியாயின் நாற்காலி தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. வருடக்கணக்கான அசதி எல்லாம் ஒரேயடியாக இறங்கி வந்து மடியில் உட்கார்ந்தது போலிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம்," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

எதிரே ரிஸ்கியா துள்ளிப் பின்வாங்கினாள். தூருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவள் உஸ்தாஸாவைப் பார்க்கவில்லை போலும்.

"ஐயோ, உஸ்தாஸா... நான் மரத்துக்குச் சொன்னேன்."

இஸ்தியானா அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் இறங்கியதும் தூங்குமூஞ்சி வழக்கம் போல இலைகளையெல்லாம் மடித்துக்கொண்டுவிட்டது.

"அது தூங்கிடுச்சும்மா. எனக்குக் குடு, நான் வாங்கிக்கிறேன்."

ரிஸ்கியா போவதா நிற்பதா என்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு எதிரே குந்தி உட்கார்ந்தாள். உஸ்தாஸாவின் மடியில் மல்லாந்து கிடந்த உள்ளங்கைகளில், விரல் மடிப்பில் கம்பி பதிந்த சிவந்த கோடுகளைப் பார்த்தாள்.

"வலிக்குதா உஸ்தாஸா?"

இல்லை என்று சொல்லியே பழகிய வாய். அன்று அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

"வலிக்குதும்மா," என்றாள் இஸ்தியானா. "ரொம்ப வலிக்குது."